நாற்பத்து நான்கு மெழுகுதிரிகள்

06.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் மிருணாளினியும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். ஏழு கிழமையாக என்னிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் எவ்வளவு பதறியிருப்பீர்கள் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் தங்கச்சி கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். என் போனை ஒஸ்ரலிட்ஸ் நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன். நான் எந்தக் கடையில் நிற்கிறேன், எந்த பஸ்சில் போகிறேன் என்று அந்தப் போனை வைத்தே என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுக்கு எழுதினால் அவர் கையிலும் படலாம். ஆகவே லூயி-பிளாங் தெருவில் நீங்கள் சமைக்கும் கடைக்கே அனுப்புகிறேன்.

ஒரு சங்கத்தின் மூலம் வேலை கிடைத்திருக்கிறது. பாரிசிலிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம், பிறகு பஸ். ஊர்ப் பெயரை இப்போது எழுதவில்லை. எண்பத்தேழு வயதான ஒரு மதாமைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் வீட்டிலேயே எனக்கொரு அறை. கதவுக்கு உள்பக்கம் திறப்பு இருக்கிறது. முதல் இரவு அதை நான்கு தடவை பூட்டித் திறந்து பார்த்தேன்.

மதாமுக்கு ஊசி போட வரும் தாதி நதாலி பக்கத்துப் பட்டணத்தில் அலுவலகம் வைத்திருக்கிறாள். பதிலை அங்கே போடுங்கள். உறையின் பின்பக்கம் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கிறேன். அந்த எண் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு எழுத வேறு ஆள் இல்லை, அண்ணா. மிருணாளினியின் இருமல் மாறிவிட்டதா?

உங்கள் தங்கச்சி
சுஜாந்தி


பாரிஸ், 14.10.2024

அன்புத் தங்கச்சி சுஜாந்திக்கு,

கடிதம் கண்டேன். குசினிக்குள் நின்றபடியே வாசித்தேன். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது. இங்கு எல்லோருக்கும் சுகம். மிருணாளினிக்கு இருமல் இல்லை, வாய்தான் கூடிவிட்டது. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் மறுமொழி சொல்லுகிறாள்.

நீ செய்தது சரியில்லை. புருசன் பெண்சாதிக்குள் ஆயிரம் இருக்கும். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிடுவதா? கரிகாலன் என் சிநேகிதன் என்றுதான் உன்னை வன்னியிலிருந்து கூப்பிட்டுக் கட்டிக்கொடுத்தேன். இப்போது அவன் தினமும் கடைக்கு வந்து ஒரு தேத்தண்ணியோடு மூன்று மணித்தியாலம் இருக்கிறான். "அண்ணை, அவள் சாப்பிடுறாளோ தெரியேல்லை" என்று அழுகிறான். முதலாளி அரியரத்தினத்தார் என்னைப் பார்க்கிறார். சனம் பார்க்கிறது. நான் எந்த முகத்தோடு பரிமாறுவது?

உன் கடிதம் வந்ததை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தளவுக்கு என்னை நம்பலாம்.

படியில் விழுந்த கை எப்படி இருக்கிறது? குளிருக்கு நோகும். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. யோசித்து நல்ல முடிவாக எழுது.

அண்ணா
தவசீலன்


03.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மதாமுக்கு முழங்கால் வலி, மற்றும்படி நாங்கள் இருவரும் நலம். உங்கள் முதுகு வலி கூடாமல் இருக்கவேண்டும். பெரிய சட்டிகளைத் தனியாகத் தூக்காதீர்கள்.

கையைக் கேட்டிருந்தீர்கள். பரவாயில்லை. படியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. திரும்பி வருவதைப் பற்றியும் இல்லை.

உங்களிடம் ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். மதாமின் பெயர் சித்போன். தூனிஸ் நகரில் பிறந்த யூதப் பெண். இருபத்துநான்கு வயதில் பிரான்சுக்கு வந்தவர். கணவர் இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார், இறந்துவிட்டார். சுற்றி அறுபது கிலோமீற்றருக்கு இவர் ஒருவர்தான் யூதர். மார்கழியில் இவர்களுக்கு ஹனுக்கா என்று ஒரு விளக்குத் திருநாள். முதல் நாள் ஒரு திரி, இரண்டாம் நாள் இரண்டு என்று எட்டாம் நாள் எட்டு. மற்றவற்றைக் கொளுத்துவதற்கு ஒவ்வொரு நாளும் தனியாக ஒரு திரி. எல்லாமாக நாற்பத்து நான்கு. விரல் நீளத்தில், மெல்லியதாக இருக்கவேண்டும். மொன்ட்ரியாலில் இருக்கும் மகள் வருடாவருடம் வரும்போது கொண்டுவருவாள். இந்த வருடம் மகளுக்குச் சத்திரசிகிச்சை. அவள் வரவில்லை.

இங்கே சுப்பர்மார்க்கெட்டில் தகரக் கிண்ணத்து மெழுகும் பிறந்தநாள் கேக்குக்குக் குத்துவதும்தான் இருக்கின்றன. கோயில் பாதிரியார் பெரிய மனதோடு ஒரு கட்டுத் தந்தார். மதாமின் விளக்கில் இருக்கும் குழிகளுக்கு அது மிகத் தடிப்பு. கத்தியால் சீவிப் பார்த்தேன், எல்லாம் முறிந்தது. இணையத்தில் எடுக்கலாம் என்று நதாலி சொன்னாள். மதாம் வேண்டாம் என்றுவிட்டார். பார்சல் ஊர்ப் புகையிலைக் கடையில்தான் இறங்கும், கடைப் பெயர் மேலே அச்சடித்திருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். போன பனிக்காலத்தில் யாரோ இவருடைய தபாற்பெட்டியில் கறுப்பு மையால் எதையோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. அன்றே பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டாராம்.

எனக்கு அது விளங்கியது. அந்தப் பெட்டியில் என் பெயரும் இல்லை.

பாரிசில் யூதக் கடைகள் இருக்குமல்லவா? ஒரு பெட்டி வாங்கி, வெறும் பழுப்புத்தாளில் சுற்றி அனுப்புவீர்களா? திருநாள் டிசம்பர் 25 மாலை தொடங்குகிறது.

அண்ணிக்கு என் அன்பு.

சுஜாந்தி


பாரிஸ், 24.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

முதுகு வலியோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் குறையில்லை. மூன்று கிழமை சுணங்கியதற்குக் காரணம் உன் மெழுகுதிரிதான்.

முதலில் லா சப்பலில் நம் ஆட்களின் கடைகளுக்குள் தேடினேன். சுவாமிப் படமும் கற்பூரமும் விற்கும் சவிரிமுத்து அண்ணை மாதா கோயில் திரி, பிறந்தநாள் திரி எல்லாம் எடுத்துக் காட்டினார். "ஆருக்கு?" என்று கேட்டார். யூத ஆட்களுக்கு என்றேன். கடைக்குள் வேறு ஆள் நிற்கிறதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உலகம் கிடக்கிற கிடையிலை உனக்கேன் தம்பி இந்த வேலை?"

போன ஞாயிறு மத்தியான வேலை முடிந்து, கால்வாயைக் கடந்து பத்தொன்பதாம் வட்டாரத்துக்கு நடந்தேன். ஒரு கடை கண்டேன். வாசலில் இரண்டு இளந்தாரிகள் காவல். பையைத் திற என்றார்கள். என் பையில் என்ன இருக்கும்? வேலைக் கத்தி, துணியில் சுற்றி. ஒருவன் என்னைச் சுவரோடு திருப்பி நிறுத்தினான். மற்றவன் போனை எடுத்தான். எனக்குப் பிரெஞ்சு முழுக்க மறந்துபோனது. 'சமையல்காரன், சமையல்காரன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்து என் ஜாக்கெட்டை மணந்து பார்த்தார். "இவர் சொல்வது உண்மை, வெங்காயம் மணக்கிறது" என்றார். பிறகுதான் கையை இறக்கவிட்டார்கள். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். நாற்பத்து நான்கும் சரியாக இருக்கும் பெட்டியை எடுத்துத் தந்து, "அந்த மதாமுக்கு நல்ல திருநாள் சொல்லுங்கள்" என்றார். 

பெட்டி என்னிடம் இருக்கிறது. தாதியின் அலுவலகத்துக்கு அனுப்பப் பார்த்தால், டிசம்பர் நத்தார் விடுமுறைக்கு அங்கே பூட்டியிருந்தால் பார்சல் திரும்பிவிடும், வீட்டு முகவரி வேண்டும் என்று தபாற்கந்தோரில் சொல்கிறார்கள். எழுதி அனுப்பு.

கரிகாலன் மெலிந்துவிட்டான்.

அண்ணா


30.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை மதாமுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். வெங்காயம் என்றதும் சிரித்தார். கத்தி என்றதும் நிறுத்திவிட்டு, "உன் அண்ணனை அவர்கள் அப்படிச் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுது" என்றார். உங்கள் முதுகுக்குத் தன் கணவரின் தைலம் ஒன்றின் பெயரும் எழுதித் தந்திருக்கிறார். அடுத்த தாளில் இருக்கிறது.

முகவரி அதே தாளில் கீழே. இரண்டு நாள் யோசித்தேன். நதாலி வேண்டாம் என்றாள். மதாம், "உன் இஷ்டம், மெழுகு இல்லாமலும் நான் இருந்திருக்கிறேன்" என்றார். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த விளக்கைத் துடைத்து, குழிகளுக்குள் தீக்குச்சி விட்டுப் பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

பார்சலில் எழுதியதும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அண்ணிக்கும் காட்ட வேண்டாம். உங்களுக்கு மட்டும்.

சுஜாந்தி


14.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன். இரண்டு கிழமையாகப் பதில் இல்லை, பார்சலும் இல்லை. தபால்காரன் ஜூலியன் தினமும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். அனுப்பிவிட்டீர்களா? எந்தத் திகதியில் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

முகவரித் தாளைக் கிழித்துவிட்டீர்கள்தானே?

சுஜாந்தி


பாரிஸ், 19.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

யாவரும் சுகம். பார்சல் தபாலில் வராது. இந்த நெருக்கடியில் அதை நம்ப முடியாது. அந்தப் பக்கம் போகிற நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். 25ஆம் திகதி பின்னேரம் கொண்டுவந்து தருவார். நீ அன்றைக்கு எங்கும் வெளியில் போகாதே.

எது நடந்தாலும் உன் நன்மைக்குத்தான் என்று நினை. கோபப்படாமல் கதை.

அண்ணா


பாரிஸ், 24.12.2024, பின்னேரம் நான்கு மணி

சுஜாந்தி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. பெட்டியைக் கரிகாலனிடம்தான் கொடுத்தேன். முகவரியையும்.

பிள்ளையார் கோயிலில் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். "ஒருக்கால் அவளோடை கதைக்க விடுங்கோ அண்ணை, அதுக்குப் பிறகு அவள் சொல்லுறபடி செய்யிறன்" என்றான். நேரில் கண்டு கதைத்தால் தீரும் என்று நினைத்தேன். உன் வாழ்க்கை சரியாகிவிடும், சனத்தின் வாயும் அடங்கும் என்று நினைத்தேன்.

இன்றைக்கு மத்தியானம் கடைக்கு வந்தான். குடித்திருந்தான். ஒரு காரை இரவல் வாங்கியிருக்கிறான். போகும்போது, "நாளைக்குப் பிறகு அவளைத் தேடவேண்டாம் அண்ணை, அவள் எங்கை இருக்கிறாள் எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இது கிடைத்த உடனே அந்த வீட்டை விட்டு வெளிக்கிடு. ரயில் நிலையத்துப் பெட்டியில் கடைசித் தபால் எடுக்க முன்னம் போடவேண்டும் என்று ஓடுகிறேன்.

தவசீலன்


30.12.2024

தவசீலன் அவர்களுக்கு,

நீங்கள் 24ஆம் திகதி போட்ட கடிதம் 27ஆம் திகதி கிடைத்தது. நத்தாரன்று தபால் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நதாலியின் எண் ஒக்டோபரிலிருந்து உங்களிடம் இருந்தது.

நடந்ததை எழுதுகிறேன்.

பெட்டி நேரத்துக்கு வந்துசேராவிட்டால் என்று, 25ஆம் திகதி மதாம் வேறு வழி பார்த்தார். தூனிசில் அவருடைய தாயார் சின்னக் கண்ணாடிகளில் எண்ணெய் விட்டுத்தான் ஏற்றுவாராம். கண்ணாடித் தயிர்ச் சாடிகள் ஒன்பதைக் கழுவி வைத்தேன். குசினியில் பஞ்சை எடுத்துத் திரி உருட்டிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணி, இருட்டிவிட்டது. மணி அடித்தது. மதாம் தன் நான்குகால் தடியோடு தானே போய்க் கதவைத் திறந்தார். நம்பிக்கையான ஆள் வருவார் என்று நீங்கள் எழுதியதை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"சுஜா, உன் அண்ணன் மெழுகுதிரி அனுப்பியிருக்கிறார்" என்று கூப்பிட்டார். சந்தோசமான குரல். நான் எண்ணெய்க் கையோடு போனேன். கதிரையில் கரிகாலன் இருந்தார். கலியாணத்துக்குப் போட்ட கோட். பெட்டி மடியில்.

"சுகமா இருக்கிறியா?" என்றார். பிறகு அதே குரலில், "உடுப்பை எடு. கார் வெளியிலை நிக்குது. சத்தம் போட்டால் கிழவிக்குத்தான் கூடாது" என்றார்.

என்ன சொல்கிறார் என்று மதாம் கேட்டார். என் சுகத்தைக் கேட்கிறார் என்றேன். மதாம் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்திருந்தேன். அது எனக்கே தெரியாது.

மதாம் அவரிடம் கையை நீட்டினார். பெட்டியை வாங்கிப் பிரித்தார், இரண்டு திரிகளை எடுத்துக் குழிகளில் வைத்தார், தன் மொழியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு ஏற்றினார். பிறகு அவரைப் பார்த்து, நின்று நிதானமாக, விளங்கக்கூடிய பிரெஞ்சில் சொன்னார்: "இது எரியும்வரை இந்த வீட்டில் ஒருவரும் வேலை செய்வதில்லை, வெளியே போவதும் இல்லை. அரை மணித்தியாலம். இருங்கள்." வேலை செய்யாதது வழக்கம். வெளியே போகாதது மதாம் அப்போதே உண்டாக்கியது. பிறகுதான் எனக்குச் சொன்னார்.

விளக்கைக் கண்டதும் கரிகாலன் கை கூப்பினார். இருந்தார். அதைப் பார்த்தபோது, இந்த மனிதர் ஒருவேளை எழும்பித் தானாகப் போய்விடுவார் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

மதாமின் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்துவிட்டால் அமத்துவது. தன் சால்வைக்குள் கையை விட்டு அதை அமத்தினார். விறாந்தையில் இருக்கும் உதவி அழைப்புக் கருவியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் உரத்துக் கேட்டது.

"மதாம் சித்போன், விழுந்துவிட்டீர்களா?"

மதாம் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே, "ஓம், விழுந்துவிட்டேன். தனியாக இல்லை. நான் அழைக்காத ஒரு மனிதர் என் வீட்டுக்குள் இருக்கிறார். என் பிள்ளை அவருக்குப் பயப்படுகிறாள். ஆட்களை அனுப்புங்கள்" என்றார்.

அவ்வளவு பிரெஞ்சு கரிகாலனுக்கு விளங்கும். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். அந்தக் கையைத்தான். இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், மதாம் எப்படியோ எழும்பி வந்து கதவுக்குக் குறுக்கே தடியை வைத்துக்கொண்டு நின்றார். "விலகுங்கோ அம்மா" என்று தமிழில் சொன்னார். மதாம் நகரவில்லை. தடியைப் பறித்து எறிந்தார். மதாம் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு என் உயரத்தில் முக்கால்வாசிதான். நான் அதுவரை ஒரு சத்தமும் போடவில்லை. அப்போதுதான் கத்தினேன். கலியாணம் கட்டிய ஐந்து வருடத்தில் முதல் தடவை, தெருவுக்குக் கேட்கும்படி.

தபால்காரன் ஜூலியன் இந்த ஊரின் தொண்டர் தீயணைப்புக்காரரிலும் ஒருவன். நத்தார் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி, இன்னும் இரண்டு பேரோடு பன்னிரண்டு நிமிடத்தில் வந்தான். பொலிஸ் வர நாற்பது நிமிடம். அதுவரை அந்த மூவரும் கரிகாலனைச் சுற்றி நின்றார்கள். அப்போது அவர் அழுதார். உங்கள் கடையில் அழுதது போலத்தான் இருந்திருக்கும்.

மணிக்கட்டு பழைய இடத்திலேயே திரும்பவும் வெடித்திருக்கிறது. நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். ஜூலையில் இந்தக் கை முறிந்ததையும் சேர்த்து. நான் எந்தப் படியிலும் விழவில்லை.

அந்தப் பெட்டியை எறியப்போனேன். "மெழுகுதிரி என்ன பிழை செய்தது?" என்று மதாம் பறித்துக்கொண்டார். ஒவ்வொரு மாலையும் அதிலிருந்துதான் ஏற்றுகிறோம்.

உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஜூலைக்குச் சாட்சி இல்லை என்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததை, தெரிந்த முழுவதையும், கையெழுத்து வைத்து, அடையாள அட்டையின் பிரதியோடு அனுப்புங்கள். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சுஜாந்தி


லெ பிளாங்-மெனில், 19.01.2025

சுஜாந்திக்கு,

உன் கை ஆறவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று கிழமையாக எழுதிக் கிழித்தேன். நீ கேட்டது இதுதான். தமிழில் எழுதியதை மிருணாளினி பிரெஞ்சில் மாற்றித் தந்தாள். இரண்டையும் வைத்திருக்கிறேன்.

'தவசீலன் ஆகிய நான், வயது நாற்பத்தாறு, சமையல்காரன், சுஜாந்தியின் உடன்பிறந்த தமையன், மனமறிய எழுதுவது. 2024 ஜூலை 13, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணியளவில் செவ்ரானில் நான்காம் மாடியிலுள்ள என் தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். மணியை அமத்தக் கையைத் தூக்கியபோது உள்ளே அவளுடைய குரல் கேட்டது. "விடுங்கோ, கை முறியப்போகுது" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். கரிகாலனின் குரலும் கேட்டது. பிறகு ஒரு சத்தம், அதன் பிறகு அவள் அழுதது. நான் கதவைத் தட்டவில்லை. லிப்ற் வரும்வரை நிற்காமல் படியால் இறங்கினேன். இரண்டு நாள் கழித்து அவளைப் பிளாஸ்டரோடு கண்டேன். படியில் விழுந்ததாகக் கரிகாலன் சொன்னான். உண்மை தெரிந்திருந்தும், பார்த்து நடக்க வேண்டாமோ என்று என் தங்கச்சியையே கண்டித்தேன். டிசம்பர் 22 அன்று, இவ்வளவும் தெரிந்திருந்தும், அவள் இருக்கும் முகவரியை அவனுக்கு நான்தான் கொடுத்தேன். 24 அன்று அவன் போனது தெரிந்தும் தொலைபேசி எடுக்கவில்லை. பொலிசுக்குச் சொன்னால் நம் சனத்துக்குள் எப்படித் தலை நிமிர்வது என்று யோசித்தேன்.'

கதவைத் தட்டவில்லை என்ற இடத்தில் மிருணாளினி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "புர்குவா, பாப்பா?" என்று கேட்டாள். ஏன் என்று.  மீதியை எழுதி முடித்துவிட்டு அறைக்குள் போனவள்தான். நாலு நாளாக என்னோடு எந்த மொழியிலும் கதைக்கவில்லை.

அரியரத்தினத்தாருக்கும் வாசித்துக் காட்டினேன். கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும்.

தவசீலன்


02.02.2025

அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்து கிடைத்தது. பொலிசில் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டுப் பக்கம் அவர் வரக்கூடாதென்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். வழக்கு மார்ச் 18, காலை பதினொரு மணி. உங்களையும் கூப்பிடுவார்கள்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மாம்பழப் பை. அன்று ஆஸ்பத்திரிக்குப் போக நான் கதவைத் திறந்தபோது வெளிப்பக்கப் பிடியில் தொங்கியது. உங்கள் கடைப் பை. ஆறு கறுத்தக்கொழும்பான். யார் வந்து, எவ்வளவு நேரம் நின்று, திரும்பிப் போனது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒக்டோபரில் உங்களுக்கு எழுதினேன். தெரிந்துகொண்டுதான் முகவரியும் தந்தேன். ஒரு மனிதர் ஒரே கதவிலிருந்து இரண்டு தடவை திரும்பிப் போகமாட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை, இந்த எழுத்தோடு, நீங்கள் தட்டியிருக்கிறீர்கள். அதற்கு மேல் இப்போது என்னால் ஒன்றும் எழுத முடியாது.

மதாம் உங்களைப் பார்க்க விரும்பவில்லை. அவருடைய மனதை மாற்ற நான் முயலவில்லை. நீதிமன்றத்தில் நீங்கள் ஒரு பக்கம் இருங்கள், நாங்கள் ஒரு பக்கம் இருப்போம். மிருணாளினி வர விரும்பினால் கூட்டிவாருங்கள். அவள் என் பக்கத்தில் இருக்கலாம்.

முதல் ரயில் ஒஸ்ரலிட்சில் விடியற்காலை. அதைத் தவறவிட்டால் நேரத்துக்கு வந்துசேர முடியாது. இங்கே மார்ச்சிலும் பனி நிலத்தில் கிடக்கும். தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

சுஜாந்தி